கணனி வாங்குமுன் ஓர் எழுத்தைப் பாருங்கள்

அறுவடை முடிந்து, நெல் விற்ற காசில் உரக்கடையின் கணக்கும் உழவு இயந்திரக் கூலியும் கொடுத்த பின் கையில் மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்திலிருந்து நூறும் இருநூறுமாகச் சேர்த்து, பிள்ளைகளின் படிப்புக்கென்று பொதுவாக ஒரு கணனி வாங்க முன்வரும் சேமிப்புக் குழுக்களும் மாதர் சங்கங்களும் எமது கிராமங்களில் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி மூன்று நான்கு பிள்ளைகள் குந்தியிருந்து பாடம் கேட்டதை நாம் எவரும் மறக்கவில்லை. கணனி ஆடம்பரப் பொருள் அல்ல என்பதை அந்த நாட்கள் எமக்குக் காட்டின.

ஆனால் கடை வாசலை மிதித்ததும் குழப்பம் தொடங்கி விடுகிறது. ஒருவர் "ஐ7 எடுங்கோ" என்கிறார். இன்னொருவர் "கிராபிக்ஸ் காட் போடாவிட்டால் படம் ஓடாது" என்கிறார். மூன்றாமவர் வேறொரு கடையைவிடச் சில ஆயிரம் ரூபா குறைத்துத் தருகிறார். ஏன் குறைகிறது என்று சொல்வதில்லை. எமது காசு பலருடைய வியர்வை. அது ஒரு தடவைதான் செலவாகும். ஆகவே கடைக்குப் போகுமுன் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்களை இங்கு எளிமையாகத் தருகிறோம். முக்கியமாக, புரொசெசர் எனப்படும் கணனியின் மூளையை எவ்வாறு தெரிவு செய்வது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வேலையைத் தீர்மானியுங்கள்

இரண்டு பரப்புத் தோட்டத்துக்கு நீரிறைக்க எவரும் பெரிய இயந்திரம் வாங்குவதில்லை. கிணற்றின் ஆழத்தையும் தோட்டத்தின் அளவையும் பார்த்துத்தான் இயந்திரத்தைத் தீர்மானிக்கிறோம். கணனியும் அப்படித்தான். எமது கிராமமொன்றில் பொதுவாக வைக்கும் கணனிக்கு என்ன வேலைகள் இருக்கும்?

க.பொ.த. சாதாரண தர, உயர்தர மாணவர்கள் கடந்த கால வினாத்தாள்களைப் பார்ப்பார்கள். காணொளிப் பாடங்களைக் கேட்பார்கள். இணைய வகுப்பில் கலந்துகொள்வார்கள். சேமிப்புக் குழுவின் கணக்கை அட்டவணையாக எழுதலாம். பிரதேச செயலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் கடிதங்களைத் தமிழில் தட்டச்சுச் செய்யலாம்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை ஒன்று எமது மக்களுக்கு உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டும், 2006 இல் சம்பூரை விட்டும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளேயே ஊர் ஊராகவும் ஓடியவர்களுக்கு ஒரு கடதாசியின் பெறுமதி தெரியும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் என்பவற்றைத் தொலைத்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் நாம். கையில் இருக்கும் பத்திரங்களைப் படம் பிடித்துக் கணனியிலும், வேறிடத்தில் வைக்கும் சிறிய பென்டிரைவ் ஒன்றிலும் பிரதி எடுத்து வைப்பது இன்று இயலக்கூடிய காரியம். மூலப் பத்திரத்துக்கு அது ஈடாகாது. ஆனால் உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் கையில் இருந்தால் பதிவுப் பிரதி ஒன்றைத் தேடிப் பெறுவது எவ்வளவோ இலகு.

இந்த வேலைகளில் ஒன்றுக்கேனும் தனியான கிராபிக்ஸ் காட் தேவையில்லை. அப்படியானால் கடைக்காரர் சொல்லும் "கிராபிக்ஸ்" என்பது என்ன?

படம் வரையும் பகுதி

கணனியின் திரையில் தெரியும் எழுத்து, படம், காணொளி எல்லாவற்றையும் வரைந்து அனுப்ப ஒரு பகுதி வேண்டும். அதுவே கிராபிக்ஸ். அது இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. இந்தப் பகுதி இரண்டு விதமாக அமையலாம்.

எமது கமக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றைச் சொல்கிறோம். இரு சில்லு உழவு இயந்திரத்தால் வயலை உழுகிறோம். அதே இயந்திரத்தில் பெல்ற் மாட்டி நீரிறைக்கும் பம்பியையும் ஓட்டுகிறோம். ஓர் இயந்திரம், ஓர் எண்ணெய்த் தாங்கி, இரண்டு வேலை. வசதி உள்ளவர் பம்பிக்குத் தனி இயந்திரமும் தனித் தாங்கியும் வைத்துக்கொள்வார். புரொசெசருக்கு உள்ளேயே கிராபிக்ஸ் பகுதியும் சேர்ந்திருப்பது முதலாவது வகை. தனிக் கிராபிக்ஸ் காட் பொருத்துவது இரண்டாவது வகை. முதலாவது வகையில் படம் வரையும் பகுதி தனக்கென்று நினைவகம் வைத்திருப்பதில்லை. கணனியின் பொது நினைவகமாகிய றாமில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரே தாங்கியிலிருந்து இரண்டு வேலைக்கும் எண்ணெய் போவதைப் போல.

முன்னைய காலத்தில் இப்பகுதி தாய்ப்பலகையில் இருந்தது. அதன் திறனும் குறைவு. இன்ரெல் நிறுவனமும் ஏ.எம்.டி. நிறுவனமும் 2011 ஆம் ஆண்டில் மேசைக் கணனிகளுக்கான புரொசெசரையும் கிராபிக்ஸ் பகுதியையும் ஒரே சிப்பில் சேர்த்து விற்கத் தொடங்கின. அதன் பின் ஆண்டுக்கு ஆண்டு அதன் திறன் கூடி வந்துள்ளது. "உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ஒன்றுக்கும் உதவாது" என்பது பழைய காலத்துப் பேச்சு.

ஆறாவது எழுத்தும் ஏழாவது எழுத்தும்

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். எல்லாப் புரொசெசர்களிலும் கிராபிக்ஸ் பகுதி இருப்பதில்லை. இருக்கிறதா இல்லையா என்பதைப் பெயரின் கடைசியில் வரும் ஓர் ஆங்கில எழுத்துச் சொல்லிவிடும்.

இன்ரெல் புரொசெசரின் இலக்கத்துக்குப் பின்னால் "எஃப்" என்ற எழுத்து, அதாவது ஆங்கில அரிச்சுவடியின் ஆறாவது எழுத்து இருந்தால், அதில் பாவிக்கத்தக்க கிராபிக்ஸ் பகுதி கிடையாது. இந்த "எஃப்" வகை 2019 முதல் விற்பனைக்கு வருகிறது. உதாரணமாக, கோர் ஐ3-12100 என்பதில் கிராபிக்ஸ் உண்டு. கோர் ஐ3-12100எஃப் என்பதில் இல்லை. மற்றபடி இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 2022 இல் இவை வெளிவந்தபோது நிறுவனம் அறிவித்த விலையில் வித்தியாசம் ஏறத்தாழ 25 அமெரிக்க டொலர்தான்.

கடையில் சில ஆயிரம் ரூபா குறைவாகக் கிடைக்கிறது என்று "எஃப்" வகையை வாங்கினால் நடப்பது இதுதான். தாய்ப்பலகையின் பின்புறம் மொனிற்றர் வயர் செருகும் துவாரம் இருக்கும். வயரைச் செருகி ஆளியைப் போட்டால் காற்றாடி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பிறகு தனிக் காட் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். மீதம் பிடித்த காசைப் போல் பல மடங்கு அதற்குப் போய்விடும்.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் வகையில் கணக்கு வேறு விதம். அங்கே பொதுவாக எழுத்து இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. அந்த எழுத்து "ஜீ", அதாவது அரிச்சுவடியின் ஏழாவது எழுத்து. றைசன் 5 5600ஜீ என்பதில் உண்டு. றைசன் 5 5600 என்பதிலும் றைசன் 5 5500 என்பதிலும் இல்லை. 5600ஜீரி, 5500ஜீரி என்று இரண்டு எழுத்து வருபவற்றிலும் உண்டு.

2022 இன் பிற்பகுதியில் வந்த 7000 வரிசை இதற்கு விதிவிலக்கு. அவ்வரிசை மேசைக் கணனிப் புரொசெசர்களில் எழுத்து இல்லாவிட்டாலும் சிறிய கிராபிக்ஸ் பகுதி ஒன்று இருக்கிறது. ஆனால் 7500எஃப் போல "எஃப்" வந்தால் அங்கும் இல்லை. ஆகவே எந்த நிறுவனமாயினும் ஆறாவது எழுத்தைக் கண்டால் நின்று யோசியுங்கள்.

"ஐ7" என்ற சொல்லில் மயங்க வேண்டாம்

ஐ3, ஐ5, ஐ7 என்ற இலக்கங்கள் ஒரே காலத்தில் வந்த புரொசெசர்களுக்கு இடையிலான தரத்தைக் காட்டுவன. வேறு வேறு காலத்தில் வந்தவற்றை அவற்றைக் கொண்டு ஒப்பிட முடியாது. 2012 இல் வந்த கோர் ஐ7-3770 இலும் நான்கு கோர்கள். 2022 இல் வந்த கோர் ஐ3-12100 இலும் நான்கு கோர்கள். ஆனால் பின்னையது முன்னையதை வேகத்தில் வெகுதூரம் முந்திவிடும். மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். பழைய கணனி ஒன்றை "ஐ7" என்று சொல்லி நல்ல விலை கேட்டால், அடுத்து வரும் இலக்கத்தைக் கேளுங்கள்.

இன்ரெல் கோர் வரிசையில், சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் தலைமுறையைக் காட்டும். 3770 மூன்றாம் தலைமுறை. 8500 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாயின் முதல் இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். 12100 பன்னிரண்டாம் தலைமுறை.

தலைமுறையைப் பார்ப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, விண்டோஸ் 10 இற்கு வழமையாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தன. விண்டோஸ் 11 ஐ முறைப்படி பாவிப்பதாயின் இன்ரெல் கோர் வரிசையில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஏ.எம்.டி.யில் 2018 இல் வந்த 2200ஜீ, 2400ஜீ என்பன அந்தப் பட்டியலில் இல்லை. 2019 இல் வந்த 3200ஜீ இருக்கிறது.

இரண்டாவது காரணம் காணொளி. இணையத்தில் காணொளிகள் சுருக்கி மடித்து அனுப்பப்படுகின்றன. அவற்றை விரித்துக் காட்டுவது கிராபிக்ஸ் பகுதியின் வேலை. மூன்றாம் தலைமுறையில் இருக்கும் பகுதிக்கு இன்று யூரியூப் அனுப்பும் புதிய மடிப்பு முறைகள் தெரியாது. அப்போது புரொசெசரே முழுச் சுமையையும் சுமக்கும்; சூடேறும்; படம் விட்டு விட்டு ஓடும். எட்டாம் தலைமுறைக்கு வி.பி.9 எனப்படும் முறை தெரியும். பன்னிரண்டாம் தலைமுறைக்கு அதைவிடப் புதிய ஏ.வி.1 என்ற முறையும் தெரியும். அம்முறை சுருக்கம் கூடியது என்பதால் அதே படத்துக்குக் குறைந்த டேட்டா போதும். டேட்டா காட் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இது சிறிய விடயமல்ல.

எமக்கு ஏற்ற மூன்று வழிகள்

முதலாவது வழி: புதிதாக வாங்குவது, படிப்பும் எழுத்து வேலையும்தான் நோக்கம். இதற்குக் கோர் ஐ3-12100 போதும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியின் பெயர் யூ.எச்.டி. 730. பாடம், காணொளி, கணக்கு, கடிதம் யாவற்றையும் தாமதமின்றிச் செய்யும். இதற்கான தாய்ப்பலகைகளில் டி.டி.ஆர்.4 றாம் போடுபவையும் டி.டி.ஆர்.5 போடுபவையும் உண்டு. ஒன்றின் றாம் மற்றதில் பொருந்தாது. எது மலிவோ அதற்கேற்ற பலகையைக் கேளுங்கள்.

இரண்டாவது வழி: புதிதாக வாங்குவது, அத்துடன் இளைஞர்கள் படம், காணொளி வெட்டி ஒட்டும் தொழிலையும் பழக வேண்டும். இதற்கு றைசன் 5 5600ஜீ நல்லது. 2021 இல் கடைகளுக்கு வந்த இதில் ஆறு கோர்கள் உண்டு. கிராபிக்ஸ் பகுதியும் முன்னையதைவிட வலுவானது. ஏ.வி.1 முறை மட்டும் இதற்குத் தெரியாது. ஆறு கோர்கள் இருப்பதால் அதைச் சமாளித்துவிடும். இதனுடன் ஜி.டி. 710 போன்ற பழைய கிராபிக்ஸ் காட் ஒன்றைச் சேர்த்து விற்க எவரும் முயன்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இதன் உள்ளே இருப்பதே அந்தக் காட்டை விட வல்லது. இவ்வகைக்குப் பழைய இருப்பிலுள்ள தாய்ப்பலகை தரப்பட்டால், அதன் பயோஸ் எனப்படும் அடிப்படை மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணனி தொடங்காது. கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இதைவிடப் புதிய 8600ஜீ 2024 இல் வந்தது. அது திறமானதுதான். ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 றாமும் புதிய வகைப் பலகையும் கட்டாயம். எமது வேலைக்கு அந்த மேலதிகச் செலவு அவசியமில்லை.

மூன்றாவது வழி: காசு மிகவும் குறைவு, பாவித்ததைத்தான் வாங்க இயலும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அலுவலகங்களில் பாவித்துக் கழித்த கணனிகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாததைத் தேடுங்கள். 2018 இல் வந்த கோர் ஐ5-8500 இல் ஆறு கோர்களும் யூ.எச்.டி. 630 என்ற கிராபிக்ஸ் பகுதியும் உண்டு. இன்றும் எமது வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இத்தகைய அலுவலகக் கணனிகள் பலவற்றில் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். பழுதானால் பக்கத்துக் கடையில் மாற்று எடுப்பது கடினம். ஆகவே எவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம் என்பதை எழுத்தில் பெறுங்கள். பழைய சுழல் வன்தட்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்கள். பழைய கணனி ஒன்றுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணனி ஒன்றை எவரும் அன்பளிப்பாகத் தந்தால் அதை எறிந்துவிட வேண்டாம். லினக்ஸ் மின்ற், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்களில் ஒன்றை அதில் நிறுவலாம். லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் கடிதமும் கணக்கும் எழுதலாம். தமிழிலும் தட்டச்சுச் செய்யலாம். காசு கொடுத்து வாங்குவதற்குத்தான் எட்டாம் தலைமுறை என்ற எல்லையைச் சொல்கிறோம்.

றாம்: ஒரு வாய்க்காலா, இரண்டா?

உள்ளே கிராபிக்ஸ் உள்ள புரொசெசர் றாமைப் பங்கிட்டுக்கொள்ளும் என்று மேலே கண்டோம். ஆகவே றாமில் கஞ்சத்தனம் கூடாது. 4 கிகாபைற்று போதாது. 8 கிகாபைற்று ஆகக் குறைந்த அளவு. 16 இருந்தால் பல வருடங்களுக்குக் கவலையில்லை.

அளவைப் போலவே எண்ணிக்கையும் முக்கியம். ஒரு றாம் பலகை போட்டால் ஒரு வாய்க்காலால் நீர் வருவது போல. இரண்டு போட்டால் இரு வாய்க்காலால் வருவது போல. டி.டி.ஆர்.4-3200 வகை றாம் ஒன்று செக்கனுக்கு 25.6 கிகாபைற்று வரை கொடுக்கவல்லது. அதே வகையில் இரண்டைச் சரியான துவாரங்களில் போட்டால் 51.2 வரை செல்லும். படம் வரையும் பகுதிக்கு இதனால் பெரும் நன்மை உண்டு.

2025 இன் பிற்பகுதியில் உலகெங்கும் றாமின் விலை கடுமையாக ஏறியது. இரண்டு 8 கிகாபைற்றுப் பலகைகளை ஒரே தடவையில் வாங்க இயலாவிட்டால் என்ன செய்வது? முதலாவது வழியில் போவோர் இப்போது ஒரு 8 ஐ வாங்கி, அடுத்த போகத்தின் பின் இன்னொரு 8 ஐச் சேர்க்கலாம். மலிவான தாய்ப்பலகைகளில் பெரும்பாலும் இரண்டு துவாரங்களே இருக்கும். இன்று இரண்டு 4 ஐப் போட்டு நிரப்பினால் பின்னர் அவற்றைக் கழற்றித்தான் கூட்ட வேண்டி வரும். இரண்டாவது வழியில் போவோர் மட்டும் எப்படியாவது தொடக்கத்திலேயே இரண்டாகப் போடுவது நல்லது. ஒன்றைப் போட்டால் 5600ஜீயின் கிராபிக்ஸுக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு வீணாகும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியொரு காலம் மீண்டும் வராது என்று எவரும் உறுதி சொல்ல இயலாது. சில குடும்பங்கள் இன்னமும் தற்காலிகக் கொட்டில்களில் சூரிய ஒளி மின்னையே நம்பியிருக்கின்றன.

தனிக் காட் இல்லாத சிறிய கணனியும் மொனிற்றரும் படிப்பு வேலையின்போது சேர்ந்து ஏறத்தாழ 60 வாற்று எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 மணி நேரம் பாவித்தால் 300 வாற்றுமணி. 30 நாட்களுக்கு 9 அலகு. விளையாட்டுக்கென்று விற்கப்படும் கிராபிக்ஸ் காட்களில் சிறியதொன்றே முழு வேகத்தில் ஓடும்போது தனியே 75 வாற்று வரை கேட்கும். அதற்கேற்ப மின்வழங்கியும் யூ.பி.எஸ்.ஸும் பெரிதாக வேண்டும்.

சூரிய மின்னில் ஓட்டுவோருக்கும் ஒரு கணக்கு. 12 வோல்ற்று, 100 அம்பியர்மணி ஈய பற்றரி ஒன்றில் 1200 வாற்றுமணி உண்டு. பற்றரி நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆக 600. இன்வேட்டரில் வீணாவது போகக் கணனியை 8 மணி நேரமளவில் ஓட்டலாம். காட் போட்டு, அதன் முழு வேகத்தில் ஓட்டினால் இது பாதிக்கும் கீழே போய்விடும்.

காட்டுக்குச் செலவிடாத காசில் முதலில் யூ.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். மின்சாரம் திடீரென நின்றாலும், செய்த வேலையைச் சேமித்துக் கணனியை முறையாக நிறுத்த அது நேரம் தரும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் கிராமங்களில் இது மிகவும் அவசியம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி முழங்கும்போது யூ.பி.எஸ். இருந்தாலும் பிளக்கைக் கழற்றி விடுங்கள். மின்னலுக்கு யூ.பி.எஸ். தடையல்ல.

கடையில் கேட்க வேண்டியவை

கடைக்குத் தனியே போகாமல் குழுவில் இருவர் போங்கள். ஒருவர் வாசிக்கத் தெரிந்த உயர்தர மாணவராக இருக்கட்டும். பின்வருவனவற்றை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

1. புரொசெசரின் முழுப் பெயர், இலக்கம், கடைசி எழுத்து ஆகியவற்றை விலைச் சீட்டில் எழுதித் தருவீர்களா? "ஐ3 கணனி" என்று மட்டும் எழுதிய சீட்டை ஏற்க வேண்டாம்.

2. அதன் உள்ளே கிராபிக்ஸ் இருக்கிறதா? காட் எதுவும் போடாமல் மொனிற்றரைத் தாய்ப்பலகையில் இணைத்துக் காட்டுங்கள்.

3. புரொசெசர் பெட்டியுடன் வருகிறதா, தனியாக வருகிறதா? மேலே சொன்ன ஐ3-12100 உம் 5600ஜீயும் நிறுவனப் பெட்டியுடன் வந்தால் காற்றாடியும் உள்ளே இருக்கும். தனியாக வந்தால் காற்றாடிக்கு வேறாகக் காசு கேட்பார்கள்.

4. றாம் எத்தனை பலகை? எத்தனை துவாரம் மிச்சம்?

5. எஸ்.எஸ்.டி. எத்தனை கிகாபைற்று? எமது வேலைக்கு 256 போதும்.

6. தாய்ப்பலகையில் பிற்காலத்தில் காட் போடும் துவாரம் உண்டா? சாதாரண மேசைக் கணனிகளில் இருக்கும். ஆகவே இன்று காட் இல்லாமல் வாங்குவதால் எதிர்காலத்தில் கதவு மூடப்படுவதில்லை. தொழில் வளர்ந்து, தேவை வந்து, கையில் காசும் இருந்தால் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

7. ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை மாத உத்தரவாதம்?

மூன்று கடைகளிலாவது எழுத்தில் விலை வாங்கி, குழுவின் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துத் தீர்மானியுங்கள். அன்றே காசைக் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினால் வெளியே வந்துவிடுங்கள்.

வாங்கிய பின்

கணனியை நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள். எமது மண்ணின் தூசியும் எறும்பும் பல்லியும் கணனிக்குப் பகை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மின்சாரத்தைக் கழற்றி, மூடியைத் திறந்து, மெல்லிய தூரிகையால் காற்றாடித் தூசியைத் தட்டுங்கள். உள்ளே கிராபிக்ஸ் உள்ள புரொசெசரில் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் நடப்பதால், அந்த ஒரு காற்றாடி சுற்றாவிட்டால் இரண்டும் தடைப்படும்.

பாவனைக்கு நேர அட்டவணை ஒன்று போடுங்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு முதலிடம். பெண்பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் வந்து போகத்தக்க நேரத்தை அவர்களுக்கு ஒதுக்குங்கள். கணக்கும் திறப்பும் ஒரே ஆளின் கையில் இருக்க வேண்டாம். பத்திரங்களின் பிரதிகள் உள்ள பென்டிரைவ் கணனிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. அது வேறொரு வீட்டின் பெட்டியில் இருக்கட்டும். மீண்டும் ஓட வேண்டிய நாள் வரக்கூடாது என்பதே எமது செபம். சொந்தக் காணி விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பும் நாளிலும் சாமான்களை ஏற்றி இறக்கத்தான் வேண்டும். பாகங்கள் குறைந்த கணனி அந்தப் பயணத்தையும் இலகுவாகத் தாங்கும்.

லூக்கா நற்செய்தியில் கோபுரம் கட்ட நினைத்த மனிதனைப் பற்றிய உவமை எமக்கெல்லாம் தெரிந்ததே. அத்திவாரம் போட்டுவிட்டு முடிக்க வகையில்லாமல் நிற்பவனைப் பார்த்து ஊரார் சிரிப்பார்கள். கணனிப் பெட்டி வந்திறங்கி, திரை கறுப்பாக நின்றால், ஏமாற்றம் பெரியவர்களோடு நிற்காது. வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகளின் முகங்களை எண்ணிப் பாருங்கள். ஆகவே முதலில் இருந்து கணக்குப் பாருங்கள். வேலையைத் தீர்மானியுங்கள், தலைமுறையைப் பாருங்கள், கடைசி எழுத்தைப் பாருங்கள். மிஞ்சிய காசை றாமுக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் கொடுங்கள். கடைக்காரர் சொல்வதை மரியாதையோடு கேளுங்கள். ஆனால் தீர்மானம் உங்களுடையதாக இருக்கட்டும்.